குறும்பதிவும் நாமும்

"குறும்பதிவுத் தளத்தில் சேர்ந்தீர்களா?" என்று புதிய தோழர்களைக் கேட்டால், "சேர்ந்தோம்; ஒன்றும் விளங்கவில்லை; விட்டுவிட்டோம்" என்றே பெரும்பாலோர் விடையளிக்கிறார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. சேரும் வழியைச் சொன்ன மூத்தவர்கள், சேர்ந்தபின் செய்ய வேண்டுவதைச் சொன்னார்களில்லை. சொன்ன ஒரு சிலரும், "எழுதுங்கள், ஓயாது எழுதுங்கள், பின்தொடர்வோர் தாமே பெருகுவர்" என்றார்கள். இவ்வறிவுரை பொருந்தாது என்பது என் துணிபு.

குறும்பதிவு என்பது யாது? இரண்டொரு வரியில் ஒரு செய்தியையோ எண்ணத்தையோ எழுதி ஊரறிய வைப்பது. 2006ஆம் ஆண்டில் ட்விட்டர் தோன்றியபோது அதன் அளவு 140 எழுத்து. செல்பேசிக் குறுஞ்செய்தி 160 எழுத்துக்குள் அடங்க வேண்டும். எழுதுபவர் பெயருக்கென 20 ஒதுக்கியது போக மிஞ்சியது 140. அவ்வளவே அதன் இரகசியம்! 2017இல் அது 280 ஆயிற்று. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அந்நிறுவனத்தை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். மறு ஆண்டு ஜூலையில் பெயரும் எக்ஸ் என மாறிற்று. அங்கு எழுதிய தமிழர்கள் பதிவைக் 'கீச்சு' என்றும், எழுதுவோரைக் 'கீச்சர்' என்றும் வழங்கினார்கள். பறவை பறந்துவிட்டது, கீச்சு என்னும் சொல் நின்றுவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சியே.

நிற்க. தொடங்குவது எங்கே? கூட்டம் இருக்குமிடம் எக்ஸ். ஆகவே பலரும் அங்கே செல்கிறார்கள். நான் மாஸ்டடானைச் சொல்வேன். ஜெர்மனியில் வாழும் யூஜென் ரோச்கோ என்பார் 2016இல் வெளியிட்டது அது. ஒரே முதலாளியின் ஒரே மாளிகை அன்று; ஆயிரக்கணக்கான சர்வர்களின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் நடத்துபவர் வேறு, விதி வேறு. ஆயினும், மயிலாப்பூர்த் தபால் நிலையத்தில் போட்ட கடிதம் கரோல் பாக்கில் சேர்வதுபோல, ஒரு சர்வரில் இருப்பவர் எழுதியதை இன்னொரு சர்வரில் இருப்பவர் படிக்கலாம். 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதை எதிர்த்து இந்தியர் பலர் அங்கே சென்றபோதுதான் நம் நாட்டில் அதன் பெயர் பரவலாக அடிபட்டது.

இங்கே புதியவரை விரட்டுவது எது? வெறுமை! எக்ஸில் நீங்கள் யாரையும் பின்தொடராவிட்டாலும் 'உங்களுக்காக' என்றொரு வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். உங்களுக்காக எனத் தீர்மானித்தவர் யார்? ஒரு கணக்கு. எதில் உங்கள் கண் நின்றதோ, எதைக் கண்டு சினந்து பதில் எழுதினீர்களோ, அதைப் போன்றதையே மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டும் கணக்கு. மாஸ்டடானின் முகப்பிலோ நீங்களாகத் தேர்ந்து பின்தொடர்பவை மட்டுமே, கால வரிசையில் வரும். ஒருவரையும் தேராதவருக்கு ஒன்றும் வராது.

இன்னொரு மயக்கமும் உண்டு. வேறு சர்வரில் இருக்கும் ஒருவர் பக்கத்தைத் திறந்தால் நாலே பதிவு தெரியும். சில வேளை ஒன்றுமே இராது. "இவர் எழுதுவதில்லை போலும்" என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் சர்வரில் இதுவரை எவரும் அவரைப் பின்தொடரவில்லை. ஆகவே அவருடைய பழைய பதிவுகள் இங்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான். பெயரையும் சர்வரையும் சேர்த்து முழு முகவரியைத் தேடற்பெட்டியில் இடுங்கள், ஆள் அகப்படுவார், பின்தொடருங்கள், அன்றுமுதல் எழுதுவது வந்துகொண்டிருக்கும். பிடித்த பொருளின் ஹாஷ்டேக்கையும் அவ்வாறே பின்தொடரலாம். முதல் பதினைந்து நாள் இதையே செய்யுங்கள். முப்பது பேரைத் தேருங்கள், படியுங்கள், நல்லதைப் பிறருக்கு எடுத்துக் காட்டுங்கள். தெரிந்த ஒன்றை யாரேனும் கேட்டால் விடை சொல்லுங்கள். பிறகு, உங்களை அறிமுகம் செய்து நாலு வரி எழுதுங்கள். புதியவர் அறிமுகம் எழுதுவது அங்கே வழக்கம்.

எம்மொழியில் எழுதுவது? "தமிழில் எழுதினால் படிப்பவர் யார்? ஆங்கிலத்தில் எழுது, நூறு பேர் பார்ப்பர்" என்று விடுதியில் உபதேசிக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. தெருப்பலகையிலும் பேருந்திலும் தமிழெழுத்தைக் காணாத ஊரில் நாம் படிக்கிறோம். நாள் முழுதும் பிற மொழிகளிலேயே கழிகிறது. கையகலக் கருவியிலும் அதைத் துறக்க வேண்டுமா? ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதையும் நான் ஏற்கேன். நாளை அதே சொல்லைத் தமிழில் தேடுபவருக்கு அது அகப்படாது. இடம் போதாது என்பாருக்கும் ஒரு விடை உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். எக்ஸ் அதனை ஐந்தாகக் கணக்கிடும். உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. மாஸ்டடான் நம்மைப்போல் மூன்று என்றே எண்ணும். அதன் வழக்கமான அளவோ 500. தொல்காப்பியம் படித்தவர் மகிழத்தக்க செய்தி அல்லவா?

இனி, நான் இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு, முதலாண்டு படிக்கும் தஞ்சைப் பக்கத்து மாணவர் ஒருவர், விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒரு வரி எழுதினார். நகைச்சுவைதான். எவரோ அதை எடுத்து, 'இம்மாநிலத்து உணவை இழிவு செய்கிறான் மதராசி' என்று தலைப்பிட்டுப் பரப்பினார். மாலைக்குள் முந்நூறு வசவு. இரவோடிரவாகக் கணக்கை மூடினார். அதற்குப் பிறகு அவர் நம் கையெழுத்து ஏட்டுக்கும் ஒரு வரி தரவில்லை. நன்றாக எழுதக்கூடியவர்! மூத்த தோழர் சிலர், "இதற்கே அஞ்சுபவன் எழுத வரலாமா?" என்று நகைத்தனர். அந்நகைப்பு எனக்கு உடன்பாடன்று. பதினெட்டு வயதில் வீட்டை விட்டு ஆயிரத்தைந்நூறு கல் தள்ளி வந்தவருக்கு, தொடக்கத்திலேயே சந்தை நடுவில் நின்று பேசும் கடமை எதுவுமில்லை. மாஸ்டடானில் ஒவ்வொரு பதிவையும் யார் காணலாம் என்று எழுதும்போதே வகுக்கலாம்: எல்லோருமா, பின்தொடர்வோர் மட்டுமா, பெயர் குறித்தவர் மட்டுமா என்று. முதல் சில மாதங்கள் பின்தொடர்வோருக்கு மட்டும் எழுதுங்கள். பின்தொடர விரும்புவோர் உங்கள் ஒப்புதல் பெற்றே வருமாறும் அமைத்துக்கொள்ளுங்கள். இதைக் கோழைத்தனம் என்பவர் என்னிடம் வந்து வாதிடட்டும். ஆனால், பெயர் குறித்து எழுதுவதைப் பூட்டிய கடிதமென்று எண்ணிவிடாதீர்கள். சர்வரை நடத்துபவர் விரும்பினால் பார்க்க இயலும்.

மாஸ்டடானில் குறையே இல்லையா? உண்டு. தமிழர் தொகை அங்கே குறைவு. சிறிய சர்வர்கள் தனி மனிதர் கைப்பணத்தில் நடப்பவை, ஒருநாள் மூடப்படலாம். மூடாத கடை எது? பெங்களூரில் 2020இல் தொடங்கி, தமிழ் உட்பட நம் மொழிகளில் எழுத இடந்தந்த கூ, 2024 ஜூலையில் மூடப்பட்டதே! மாஸ்டடானில், சர்வர் மாறும்போது பின்தொடர்வோரை உடனழைத்துச் செல்லலாம். பதிவுகள் மட்டும் உடன் வாரா. அவற்றின் படியை ஏழு நாளைக்கொருமுறை கேட்டுப் பெறலாம். மாதம் ஒருமுறையேனும் பெற்று வையுங்கள்.

சங்கத்தின் அறிவிப்புகளை இனி எக்ஸில் மட்டுமே வெளியிடுவது என்னும் தீர்மானம் அடுத்த செயற்குழுவுக்கு வருகிறது. கணக்கில்லாதவர் அங்கே எல்லாவற்றையும் படிக்க முடிவதில்லை. ஆகவே நான் அதை எதிர்த்து வாக்களிப்பேன். இரண்டிலும் வெளியிடுவோம் என்று திருத்தம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.