நீளம் மட்டும் பார்த்து லேத் வாங்கலாமா?

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமா பையன், கடன் வாங்கி நீள பெட் சிஎன்சி லேத் எடுக்கப்போறான். "3 மீட்டரா, 2 மீட்டரா?" என்று கேட்டான். அவன் கடைசல் பிடிக்கும் பம்பு ஷாஃப்ட்டின் நீளம் ஒன்றரை மீட்டர், விட்டம் 50 மி.மீ.

இரு முனையிலும் தாங்கிய கம்பியை நடுவில் அழுத்துங்கள். நீளம் இரட்டித்தால், அதே அழுத்தத்துக்கு வளைவு 8 மடங்காகும். உளி தள்ளும்போது ஷாஃப்ட்டும் இப்படித்தான் விலகும், நடுப்பகுதி தடித்துப்போகும். நீளம் விட்டத்தைப்போல் 10 மடங்கைத் தாண்டினாலே நடுவில் பிடிக்க ஸ்டெடி ரெஸ்ட் வேணும். அவனுக்கோ 30 மடங்கு! "2 மீட்டர் போதும்டா, மிச்சப் பணத்தை நல்ல ஸ்டெடி ரெஸ்ட்ல போடு" என்றேன்.

தாங்கலின் அருமை லண்டனுக்குப் புதுசில்லை. வூலிச்சில் 1771-இல் பிறந்த ஹென்றி மோட்ஸ்லி, உளியைக் கையில் பிடிக்காமல் இரும்புத் தாங்கியில் பொருத்தி, 1800 வாக்கில் செய்த மரையிடும் லேத் சவுத் கென்சிங்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு புத்தகங்கள்மேல் வைத்து நடுவில் நாணயங்களை அடுக்குங்கள். அப்புறம் அடியில் ஒரு விரல் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்டெடி ரெஸ்ட் என்னவென்று அவங்களே சொல்வாங்க.