கிழிந்தது படங்கு, உக்கியது சுவர்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டர்ஹோம் என்று அழைக்கப்படும் நகரும் வீடுகளின் சுவரில் நீர் இறங்கினால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் அதன் சொந்தக்காரர். “காற்று வீசியபோது ஏன் உள்ளே இழுக்கவில்லை? மழை பெய்தபோது ஏன் நீரை வடிக்கவில்லை?” என்று திருத்துநர் கேட்கிறார், காப்புறுதிக்காரர் கேட்கிறார், ஈற்றில் தயாரித்த கம்பனியும் கேட்கிறது. சுவரை அப்படிக் கட்டியவர் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

பழக்கமில்லாத வாசகர்களுக்குச் சிறு விளக்கம். வண்டியை நிறுத்தியதும் பக்கச் சுவரின் ஒரு பகுதி பெட்டி போல வெளியே தள்ளப்பட்டு அறை அகலமாகும். இதற்கு ஸ்லைட் அவுட் என்று பெயர். 1990இல் நியூமார் நிறுவனம் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வெளியே தள்ளிய பெட்டியின் கூரையில் இலைகுழையும் நீரும் தங்காதிருக்க, அதன் மேல் ஒரு சுருள் படங்கு பொருத்துகிறார்கள். படங்கின் ஒரு விளிம்பு வண்டியின் சுவரில் இருக்கும். மறு விளிம்பு பெட்டியின் நுனியில் ஸ்பிரிங் வைத்த உருளையில் சுற்றியிருக்கும். பெட்டி வெளியேறும்போது விரியும், உள்ளே வரும்போது தானாகவே சுருளும்.

இங்கேதான் “ஏன் உள்ளே இழுக்கவில்லை” என்ற கேள்வியின் கபடம் வெளிப்படுகிறது. வாசற்பக்கத்து நிழற்படங்கைத் தனியே சுருட்டலாம். இந்தப் படங்கைத் தனியே சுருட்ட வழியில்லை. அறையையே உள்ளே இழுக்க வேண்டும். அந்த அறையில் கட்டில் இருக்கிறது, சில வண்டிகளில் சமையலறையும் இருக்கிறது. நள்ளிரவில் காற்று எழுந்தால் உறங்கும் பிள்ளைகளை எழுப்பி, வீட்டைப் பாதியாக மடித்துவிட்டு விடியும்வரை குந்தியிருக்க வேண்டுமா? கையேட்டில் எழுதிவிட்டோம் என்கிறார்கள். காற்றுக்குத் தாங்காத ஒன்றை வீட்டின் கூரையில் பொருத்திவிட்டு, காற்று வீசும் என்று கையேட்டில் எழுதுவது பொறியியலா?

உருளையைத் தாங்கும் பிடிகள் எதில் பூட்டப்பட்டுள்ளன என்று பாருங்கள். பல வண்டிகளில் மெல்லிய பைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னே மெல்லிய ஒட்டுப்பலகை, அதற்கும் பின்னே நுரை. இவற்றில் சில திருகாணிகள், அவ்வளவுதான். காற்றுப் புகுந்தால் படங்கு கப்பற்பாய் போல உப்பி அந்த ஆணிகளை இழுக்கிறது. மழை தேங்கினால் நடுவில் தொய்ந்து குளமாகிறது. அந்தப் பாரமும் அதே ஆணிகளில். ஆணி சற்றுத் தளர்ந்தால் போதும், துளை வழியே நீர் இறங்கிப் பலகையை உக்கவைத்துப் பெட்டியின் தரைவரை போய்விடும். கிழிந்த துணி கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் பெரிய காரியமன்று. பணத்தை விழுங்குவது உள்ளே உக்கும் சுவர்.

சட்டம் என்ன சொல்கிறது? சட்ட அறிவித்தல்களை ஒப்புநோக்கிப் பழகிய கண்களுக்கு வாசகங்களின் இடுக்குகள் தப்புவதில்லை. பழுதான புதிய வாகனத்தை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கட்டாயப்படுத்தும் கலிபோர்னியச் சட்டம், மோட்டர்ஹோமின் அடிச்சட்டத்தையும் அதை ஓடச்செய்யும் பகுதியையும் மட்டுமே வாகனம் என்று கொள்கிறது. மனிதர் வசிப்பதற்கான பகுதியை வரைவிலக்கணத்திலேயே விலக்கிவிட்டது. அப்பகுதிக்குப் பொதுவான நுகர்பொருள் பாதுகாப்பு உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் எஞ்சினுக்குக் கிடைக்கும் மரியாதை படுக்கையறைக்கு ஏன் இல்லை? வட அமெரிக்காவின் இத்தகைய வாகனங்களில் பெரும் பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் பகுதியில் தயாராகிறது. அந்த மாநிலத்தின் சட்டமோ மோட்டர்ஹோம்களை முற்றாகவே விலக்கியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று நம்புவதற்கு நான் தயாரில்லை. 2021இல் மட்டும், இழுவை வண்டிகளையும் சேர்த்து, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை அனுப்பிய தொழில் இது. ஏழைத் தொழிலன்று.

கம்பனி கைவிட்டவரை அடுத்துப் பிடிப்பது திருத்துமிடம். புதுத் துணி, ஆட்டங்கண்ட பழைய துளைகளில் சற்றுத் தடித்த ஆணிகள், மேலே தாராளமாகச் சிலிக்கன். வெளித்தோற்றம் பளபளக்கும், ஈரம் உள்ளே சிறைப்பட்டு வேலையைத் தொடரும். சிலிக்கன் பூசிய இடத்தில் பின்னர் வேறெந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது என்பதால், அடுத்து வருபவரின் வேலையும் கெட்டுவிடும். இதற்குத் திருத்தம் என்று பெயர் சொல்லிப் பற்றுச்சீட்டும் தருகிறார்கள்!

வண்டியைக் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியது இதுதான்: பிடிகளைக் கழற்றி ஈரமானி வைத்துப் பார்க்க வேண்டும். உக்கிய பலகையை உலர்ந்த மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து மாற்ற வேண்டும். ஆணி கடிக்கும் இடத்தில் பின்பலம் வைத்து, பிடிக்கும் சுவருக்கும் இடையில் பியூட்டைல் நாடா இட வேண்டும். உருளையின் ஸ்பிரிங் முறுக்கேறியிருப்பதால் அதைப் பூட்டாமல் கழற்றினால் கை முறியும். ஆகவே வீட்டிலே சோதித்துப் பார்க்க வேண்டாம். மூடுவதற்கு முன் சுவரின் உட்புறத்தைப் படமெடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கு மறுக்கும் இடத்தில் திறப்பைக் கொடுக்காதீர்கள்.