அந்த மணாலியும் நம்ம மணலியும்

என் மூத்த மகன் ராணுவத்தில் டிரைவர். "மணாலி வழியா லே போறோம்" என்று அவன் முதன்முதலில் போனில் சொன்னபோது, என் மனைவிக்கு நம்ம மணலிதான் நினைவுக்கு வந்தது. "பக்கத்துலதானேடா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

லேயிலிருந்து அவன் அனுப்பிய படங்களில் ஒன்று, சுற்றிலும் பனி கிடக்க, பாலிதீன் கூடாரத்துக்குள் பச்சைப் பசேலென்று நிற்கும் கீரை. அதைச் சங்கத்தில் எல்லோருக்கும் காட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. இப்போது சங்கக் கட்டடத்து மொட்டை மாடியில் அதே மாதிரி கூடாரம் போட, பொதுப் பணத்திலிருந்து எடுக்கலாம் என்கிறார்கள். "லடாக்கிலேயே விளையுது, திருவொத்தியூர்ல விளையாதா?" என்று கேட்கிறார்கள். ஆசையை மூட்டியவன் நான்தான். வேண்டாம் என்று சொல்கிறவனும் நான்தான்.

லே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும், மணாலிப் பாதை பனியில் மூடிவிடும். 2020இல் ரோதாங் மலைக்கு அடியில் அடல் சுரங்கப்பாதை திறந்தும், அதைத் தாண்டியுள்ள கணவாய்கள் மூடத்தான் செய்கின்றன. அந்த மாதங்களில் வெளியிலிருந்து பச்சைக் காய்கறி வருவது கஷ்டம். ஆனால் வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை.

அந்த வெயிலைத்தான் அவர்கள் பிடித்து வைக்கிறார்கள். கூடாரத்தின் தெற்குப் பக்கம் பாலிதீன். வடக்கே கனமான மண் செங்கல் சுவர், இரண்டு சுவருக்கு நடுவே வைக்கோல் திணிப்பு. பகலில் சுவர் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடும். மாலையானால் பாலிதீன் மேல் துணி மூடுவார்கள். சிலர் தரையில் மூன்றடி பள்ளம் தோண்டி, அதன் மேல் பாலிதீன் போடுவதும் உண்டு. கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். லேயில் உள்ள டிஆர்டிஓ ஆய்வுக்கூடம் இதில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. ஜெரெஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமும் கிராமங்களில் இவற்றைப் பரப்பியது.

முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். நீராவிக் குழாய்க்கு லேகிங் சுற்றுவது எதற்கு? சூடு வெளியே போகாமல் இருக்க. லடாக் கூடாரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. நமக்கு இருக்கும் தொல்லை சூடு போதாமல் இல்லையே! மே மாதம் நம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியுமா? அதன் மேல் பாலிதீன் மூடினால் செடி வேகும்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இரண்டு வருஷம் முன்பு என் வீட்டு மாடியில் சின்னதாக ஒன்று போட்டேன். பங்குனி பிறந்ததும் தக்காளிப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. விற்றவரிடம் கேட்டேன். "எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க சார், ஃபாகர் போடுங்க" என்றார். கரண்டே இல்லாமல் நடக்கிற அமைப்பைக் கொண்டுவந்து, அதற்குக் கரண்ட் பில் கட்டுவதா? பிரித்துப் போட்டுவிட்டேன்.

காற்றையும் யோசியுங்கள். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது வேரோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்கள் நாம். பாலிதீன் எம்மாத்திரம்?

அதற்காகத் தோட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு அவரையும் புடலையும் ஏற்றினோமே, அதுதான் நம்ம ஊர்க் கூடாரம். வெயிலைக் குறைக்கும், காற்றை விடும். இன்று கீற்றுக்குப் பதில் பச்சை நிழல்வலை கட்டலாம், புயல் எச்சரிக்கை வந்தால் அவிழ்த்து வைத்துவிடலாம். தொட்டியில் அரைக்கீரை, சிறுகீரை விதைத்தால் ஒரு மாதத்தில் பறிக்கலாம். எண்ணூர்ப் பக்கத்துத் தூசு இலையில் படியும், நன்றாக அலசிச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லடாக்காரர்கள் தங்கள் வெயிலையும் மண்ணையும் பார்த்துக் கட்டினார்கள். நாமும் நம் வெயிலைப் பார்த்துக் கட்டுவோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன். படத்தைக் காட்டிக் கெடுத்தது நான்தான் என்று திட்டுவார்கள். திட்டட்டும், சங்கப் பணம் மிஞ்சினால் போதும்.