விடுமுறையையும் பறிக்க வேண்டுமா?

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வீதிகளில் மாணவரின் துவிச்சக்கரவண்டிகள் குறைந்திருக்க வேண்டும். குறைவதில்லை, சீருடை மட்டுமே மறைகிறது. காலையிலேயே கொப்பிகளுடன் தனியார் கல்வி நிலையங்களை நோக்கி அவர்கள் விரைகின்றனர். பாடசாலை நாட்களில் மாலையில் மட்டும் நடந்த வகுப்பு, விடுமுறையில் பகலையும் விழுங்கிவிடுகிறது. இதற்கு விடுமுறை என்று பெயர்!

பெற்றோரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த நாடு இது. ஆயினும் பரீட்சைப் போட்டி, கட்டணம் செலுத்திக் கற்கும் இன்னொரு பாடசாலையை உருவாக்கிவிட்டது. புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் 2019 வரை பல ஆண்டுகள் ஓகஸ்டிலேயே நடைபெற்றமையால், அம்மாதம் ஓய்வுக்குரியது என்ற எண்ணமே எம்மிடம் அற்றுப்போயிற்று. 2020 இல் கொரோனாவாலும் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டாலும் பாடசாலைகள் மூடப்பட்டபோது இழந்த பாடங்களை ஈடுசெய்ய மேலதிக வகுப்புகள் தேவைப்பட்டன என்பதை ஏற்கலாம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதே நியாயத்தை இன்றும் கூறுவது எவ்வகையில் பொருந்தும்?

அயல்வீட்டுப் பிள்ளை வகுப்புக்குச் செல்லும்போது தம் பிள்ளையை வீட்டில் நிறுத்தும் துணிவு எந்தத் தாய்க்கும் எளிதில் வராது. ஆகவே ஊரார் கூடியே முடிவெடுக்க வேண்டும். இரண்டு வாரங்கள், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டுமேனும் வகுப்புகளை நிறுத்தலாம். அவ்வருவாயை நம்பி வாழும் இளம் ஆசிரியர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடும் வேண்டும். எமது ஊர்களில் சனசமூக நிலையங்கள் உள்ளன. பலவற்றில் காலைப் பத்திரிகை பார்க்க வரும் முதியவர்களைத் தவிர வேறெவரும் நுழைவதில்லை. பெற்றோர் சிறுதொகை சேர்த்து அந்த ஆசிரியர்களையே அங்கு அமர்த்தினால், பிற்பகலில் கதைப் புத்தகங்களும் மாலையில் கிளித்தட்டும் என்று பொழுது கழியும்.

விளையாட்டு வேறு, கல்வி வேறு என்று பிரித்தது எமது பிழை. டிசம்பர் விடுமுறையில் பட்டம் கட்டும் சிறுவனைப் பாருங்கள். முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் குத்திக்கொண்டு விழும். அவிழ்த்து, அளந்து, மீண்டும் கட்டுவான். சமநிலையைப் பற்றி அவன் அங்கு அறிவதைக் கரும்பலகையில் விளக்க ஒரு தவணை போதாது. அவ்வேளையில் தந்தையர் பட்டத்தைத் தாமே வாங்கிக் கட்டிக் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை. விழட்டுமே!

நீண்டகாலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால் இன்னொன்றையும் பரிந்துரைப்பேன். பிள்ளையின் கையில் ஒரு வெற்றுக் கொப்பியைக் கொடுத்து, அப்பம்மாவிடம் செய்தி சேகரித்து வரச் சொல்லுங்கள். யார், எப்போது, எங்கே, ஏன் என்று கேட்கத் தெரிந்தால் போதும். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது வீட்டிலிருந்து எதை எடுத்துச் சென்றீர்கள், எதை விட்டுச் சென்றீர்கள் என்று பேரப்பிள்ளை கேட்கட்டும். இவ்விபரங்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. சொல்லக்கூடியவர்களோ ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். சில வீடுகளில் பெற்றோரும் அவற்றை முதன்முறையாக அப்போதுதான் கேட்பார்கள்.

எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். அது மீண்டும் வகுப்பாகிவிடும். அப்பம்மா இடையில் மௌனமாகிவிட்டால் வற்புறுத்தவும் வேண்டாம். கொப்பியை மூடிவைத்துவிட்டு, முற்றத்து வேம்பை நட்டவர் யார் என்று கேட்கலாம்.