மதியம் இரண்டு மணிப் பிரச்னை

கல்லூரி அணியில் விளையாடும் பி.எஸ்சி. மாணவருக்குத் தினமும் மதியம் இரண்டு மணிதான் ராகு காலம். பி.காம். படிக்கும் சக வீரர் ஷூ மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கும் நேரத்தில், இவர் பியூரெட்டில் சொட்டு எண்ணிக்கொண்டிருப்பார். பிராக்டிகல் முடிந்து ஓடிவந்தால் பயிற்சி பாதி தாண்டியிருக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுப்பார்கள்; அட்டெண்டன்ஸ் தப்பித்துவிடும். ஆனால், செய்யாமல் விட்ட டைட்ரேஷனை ஓ.டி. செய்து தராது. ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும்.

மாணவிகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. பல விடுதிகளில் இருட்டுவதற்குள் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள்.

'படிப்பா, விளையாட்டா, ஏதாவது ஒன்றைப் பார்' என்று வீட்டிலும் துறையிலும் சொல்லிவைத்தாற்போல் சொல்வது இதனால்தான். ஆனாலும், இரண்டையும் பார்த்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். கிரிக்கெட் வீரர் வெங்கட்ராகவன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இன்னொரு கிரிக்கெட் வீரர் அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. முடித்தவர். (இருவருமே ஆஃப் ஸ்பின்னர்களாக அமைந்ததற்குப் பாடத்திட்டம் பொறுப்பல்ல!)

ஆய்வகத்தையும் மைதானத்தையும் ஒன்றாகவே ஆக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. பிரிட்டன் ஓட்டக்காரரான ரோஜர் பானிஸ்டர், 1946-ல் 17 வயதில் மருத்துவம் படிக்க ஆக்ஸ்போர்டு வந்தபோது ஸ்பைக் ஷூ போட்டு ஓடியதே இல்லை. அங்கே இஃப்லி ரோடு ஓடுதளம் மேடும் பள்ளமுமாக, மைலுக்கு மூன்று சுற்று என்ற விநோத அளவில் இருந்தது. பல்கலைக்கழகத் தடகள மன்றத்தின் தலைவரானதும், அதை மாற்றி 440 கெஜத்தில் முறையான ஓடுதளம் போட முன்னின்றார். 1950-ல் அது தயாரானது. பிறகு ஆராய்ச்சி மாணவராக, டிரெட்மில்லில் ஆட்களை ஓடவிட்டு, மூச்சுக்காற்றில் ஆக்ஸிஜனைக் கூட்டினால் உடல் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தார். அந்த ஆட்களில் அவரும் ஒருவர்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரில் நான்காம் இடம்தான் கிடைத்தது. சொந்த நாட்டுப் பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தன. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் படிப்பைத் தொடர்ந்தபடியே, மதிய உணவு இடைவேளையில் பக்கத்துப் பூங்கா மைதானத்துக்குப் போய் ஓடிவிட்டுத் திரும்பினார்.

1954 மே 6 அன்றும் காலையில் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த ஆய்வகச் சாணைக்கல்லில் ஸ்பைக்குகளைத் தீட்டிக்கொண்டு ஆக்ஸ்போர்டுக்கு ரயில் ஏறினார். மாலையில் பலத்த காற்று. சக ஓட்டக்காரர்கள் பிராஷரும் சாட்டவேயும் வேகம் பிடித்துக் கொடுக்க, மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர்! ஓடியது, தாம் முன்னின்று போடவைத்த அதே தளத்தில். அந்தச் சாதனை 46 நாள்தான் நின்றது. அடுத்து ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி முறியடித்தார். அதே ஆண்டுக் கடைசியில் பானிஸ்டர் ஓட்டத்தை விட்டு மருத்துவத்துக்கே திரும்பி, நரம்பியல் நிபுணராகப் பெயரெடுத்தார்.

பானிஸ்டரின் நுரையீரல் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் மருத்துவமனையிலிருந்து எட்டும் தூரத்தில் ஒரு மைதானம், நடுப்பகலில் தனக்கென்று கொஞ்ச நேரம் என அவருக்கு வாய்த்த மற்ற இரண்டும் ஒரு கல்லூரி நினைத்தால் தரக்கூடியவை. நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இடம் வாங்கித் தருவதோடு கைகழுவிவிடுகிறது. உள்ளே வந்த பிறகு அந்த மாணவர் எந்த நேரத்தில் பயிற்சி எடுப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

தவறிய பிராக்டிகலைச் சனிக்கிழமை செய்ய ஓர் ஆய்வகத்தைத் திறந்து வைக்கலாம். மைதானத்துக்கு நாலு விளக்குக் கம்பம் நடலாம். அணியில் இருக்கும் மாணவிகளுக்கு விடுதி கேட்டை ஒரு மணி நேரம் தள்ளிப் பூட்டலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஜூனில் துறைத் தலைவர்கள் உட்கார்ந்து டைம்டேபிள் போடும்போது பி.டி. சாருக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.