மலைவாழ் மக்களும் ஆராய்ச்சியாளரும்

சேலம் நகருக்கு வடகிழக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் அமைந்த ஏற்காட்டைக் காணச் செல்வோர் ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். ஆராய்ச்சியாளர் செல்வது வேறு நோக்கத்தோடு. வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்று தாவர நூலார் வழங்கிய மரம் இம்மலையின் பெயரையே தாங்கியுள்ளது. இந்தியத் தாவர ஆய்வுத் துறையினர் ஏற்காட்டில் ஆர்க்கிடுகளுக்கெனத் தனித் தோட்டம் அமைத்துப் பேணுகின்றனர்.

ஆயினும், செடியைத் தேடிச் செல்பவர் முதலில் நாட வேண்டியது மனிதரையே. எந்தச் சரிவில் எது முளைக்கும், எது எந்நோயைத் தணிக்கும் என்பவற்றை வழிவழியாக அறிந்தவர் அங்கு வாழும் மலையாளிகள். பெயரைக் கொண்டு அவரைக் கேரள நாட்டார் என மயங்குதல் வேண்டா. மலையை ஆள்பவர் மலையாளி. அவர் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பது அவர்தம் மரபுரை.

இம்மக்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் 1899இல் எழுதினார். தென்னாட்டுக் குலங்கள் பலவற்றின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர் அவர். வயநாட்டுப் பணியர் குலப் பெண்டிர், தம்முள் சிறந்தவரைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கவே அவர் வந்துள்ளார் என்று அஞ்சினராம். இதனை அவரே வேடிக்கைபோல் எழுதிவைத்துள்ளார். அவ்வச்சத்தில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? எதற்காக அளக்கிறார் என்பதை அவர்க்கு விளங்கும்படி சொல்லியிருந்தால் அஞ்சியிருப்பரோ?

அக்காலம் போயிற்று என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. அகத்தியர் மலைக் காட்டில் 1987ஆம் ஆண்டு தாவர அறிஞர் சிலர் நடந்தனர். வழிகாட்டிய காணிக்காரர் ஒரு சிறு காயைத் தின்று களைப்பின்றி ஏறுவதைக் கண்டு வியந்து, அஃது யாதெனக் கேட்டனர். முதலில் சொல்லத் தயங்கிய அவர், பின்னர்க் காட்டிய செடியே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த தாவரவியல் ஆய்வு நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கி, 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமை வழங்கியது. உரிமத் தொகை பத்து இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இவற்றில் செம்பாதி காணிக்காரர்க்கு என்று வகுத்தனர். 1997இல் அவர்க்கென அறக்கட்டளையும் எழுந்தது. உலகம் புகழ்ந்த ஏற்பாடு இது, புகழ்தலும் தகும். ஆனால் காணி மருத்துவர் சிலர் மனம் புண்பட்டனர். தம் குலத்தின் அறிவை வெளியாருக்கு விற்பதோ என வினவினர். வழிகாட்டிகளின் இசைவு குலம் முழுவதன் இசைவு ஆகாதன்றோ? பங்கு கொடுத்தல் நன்று. எனினும், முன்னதாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அது விடையாகாது.

கேட்பது என்றால், மறுப்பதற்கும் இடம் வைத்துக் கேட்பதே ஆகும். அந்தமானில் வட சென்டினல் தீவினர் அம்பெய்து தம் மறுப்பை உணர்த்தினர்; பரிசுகளோடு அங்குச் செல்லும் வழக்கத்தை அரசு 1990களில் நிறுத்திவிட்டது. சேர்வராயன் மலைச் சிற்றூரில் எவரும் வில்லெடுப்பதில்லை. அங்குள்ள பெரியவர் விருந்தினரை மறுத்துரைக்க நாணி வாளா இருப்பார். அந்த மௌனத்தை இசைவெனக் குறித்துக்கொள்வது எளிது. அதனினும் தீது இல்லை. நாற்பது ஆண்டு காட்டைக் கற்றவர்க்கு ஆய்வேட்டில் 'தகவலாளர்' என்றும், நான்கு வாரம் உடன் நடந்தவர்க்கு 'ஆசிரியர்' என்றும் பெயரிடுவதும் விந்தையே!

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சிதோறும் குழு அமைத்து, மக்களின் அறிவைப் பதிவேட்டில் எழுத வழிசெய்தது. இச்சட்டத்தைச் செயற்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையிலேயே உள்ளது. ஆனால், மலையில் கேட்டறிந்தவை ஆங்கில ஏடுகளில் அச்சாகித் தொலைவிலுள்ள நூலகங்களில் தங்கிவிடுகின்றன. சொன்னவர் ஊருக்கு அவை மீள்வதில்லை. ஏற்காட்டிலோ, சொன்னவர் மொழியும் தமிழ். கேட்டவருள் பலர் மொழியும் தமிழ். முடிவுகளைத் தமிழில் எழுதி, ஊர் மன்றில் படித்துக்காட்டிப் பிழையிருப்பின் திருத்திக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.