பெயரில்லாப் படங்கள்: துருவிலும் தளிரிலும்

போன மாதம் எங்கள் துறை விழாவை ஒட்டி ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தோம். கண்காட்சி என்றதும் பெரிதாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். செமினார் ஹால் சுவரில் டபுள் சைட் டேப் போட்டு ஒட்டிய நாற்பது படங்கள், அவ்வளவுதான். அதில் மூன்று என்னுடையவை. மூன்றுக்கும் 'பெயரிடப்படாதது 1, 2, 3' என்று தலைப்பு வைத்திருந்தேன். அப்போது அது ரொம்ப ஸ்டைலாகப் பட்டது :-)

மூன்றாவது படம்தான் எல்லோரையும் நிறுத்தியது. படம் முழுக்க மஞ்சள். அந்த மஞ்சள் அங்கங்கே உரிந்து உள்ளிருந்து செங்கல் நிறம் எட்டிப் பார்க்கிறது. நடுவில் வரிசை வரிசையாக மெல்லிய கீறல்கள். ஒரு சீனியர் வந்து, "பணிக்கர் ஓவியம் மாதிரி இருக்கே" என்றார். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966ல் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரைச் சொன்னார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய ஓவிய வரிசையைப் பார்த்தால் கேன்வாஸ் நிறைய எழுத்து எழுதியிருப்பது போல் இருக்கும், ஆனால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. அந்தப் பேரோடு என் படத்தைச் சேர்த்துச் சொன்னதில் இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் படங்களைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. சும்மா கலர், கோடு. அரூபப் படம்னு சொல்லுவாங்க."

அப்பா கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடியும் கையில் வாங்கினார். "இது கோடு இல்லம்மா. ரோல் மாத்தின கணக்கு. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் ஆணியால ஒரு கோடு கிழிப்போம். நாலு நேர்க்கோடு, அஞ்சாவதுக்குக் குறுக்க ஒண்ணு. பாரு, கடைசி வரிசைல மூணோட நிக்குது."

நான் அந்தப் படத்தை எடுத்தது கும்மிடிப்பூண்டியில், மூடிக் கிடக்கும் ஒரு ரோலிங் மில்லில். அப்பா பதினான்கு வருஷம் வேலை பார்த்த இடம். மூடியபோது கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை. வாட்ச்மேன் தாத்தா அப்பாவுக்குத் தெரிந்தவர். "சீக்கிரம் வந்துடு பாப்பா, பாம்பு கிடக்கும்" என்று சொல்லி உள்ளே விட்டார். அந்த மஞ்சள் இரும்புக் கதவின் எதிரில் நான் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கீறல் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று யோசித்தேன். அது என்ன கீறல் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரூபப் படம் எடுப்பது நல்ல விஷயம், நான் தொடர்ந்து எடுக்கப் போகிறேன். ஆனால் எடுத்த பொருள் என்ன என்று எடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததைப் படத்தின் கீழே எழுத வேண்டும். 'பெயரிடப்படாதது' என்று போடுவது பல நேரம் நம் சோம்பேறித்தனத்துக்குப் போட்ட கோட்டு சூட்டு.

முதலில், கைவிடப்பட்ட இடமும் இளவேனில் தோட்டமும் இந்த மாதிரிப் படத்துக்கு ஏன் இவ்வளவு வாகாக இருக்கின்றன என்று பார்ப்போம். ஆள் புழங்கும் இடத்தில் சுவரைத் துடைப்பார்கள், வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பார்கள். பூட்டிய இடத்தில் மழையும் வெயிலும் மட்டும்தான் வேலை பார்க்கின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கடலும் பழவேற்காடு ஏரியும் தூரமில்லை. உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. பெயின்ட் வெடித்த இடத்தில் ஈரம் இறங்கும், உள்ளே துரு பருக்கும், பருத்த துரு மேலே இருக்கும் பெயின்டைத் தூக்கித் தள்ளும். மேலே மஞ்சள், அதற்குக் கீழே ரெட் ஆக்ஸைடு, அதற்கும் கீழே கருநீல இரும்பு என்று அடுக்கடுக்காகத் திறந்துகொண்டே வரும்.

தோட்டத்தில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. பங்குனி, சித்திரையில் அரச மரம் துளிர்விடும்போது இலை பச்சையாக வருவதில்லை, செம்பு நிறத்தில் வருகிறது. வெயில் எதிர்ப்பக்கம் இருந்தால் நரம்பெல்லாம் கண்ணாடியில் வரைந்தது போலத் தெரியும். பூவரசம் பூ காலையில் மஞ்சள், வாடும்போது சிவப்பு. ஒரே பூவை ஒரே நாளில் இரண்டு படம் எடுத்தால் யாரும் ஒரே பூ என்று நம்ப மாட்டார்கள். துருவும் தளிரும் நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பவை. அடுத்த வாரம் போனால் அதே படம் கிடைக்காது. அதனால்தான் நமக்குக் கை பரபரக்கிறது.

தோட்டத்திலும் எனக்கு ஒரு பாடம் நடந்தது. எங்கள் வீட்டுக் கொல்லைத் தக்காளிச் செடியில் ஒரு இலை. பச்சை மேல் வெள்ளையாக ஒரு கோடு, வளைந்து வளைந்து, தன் மேலேயே திரும்பி, மறுபடி ஓடி. ஊர் வரைபடத்தில் ஆறு போட்டது போல் இருந்தது. அதுதான் 'பெயரிடப்படாதது 1'. அம்மாவிடம் காட்டினேன். அம்மா படத்தைப் பாராட்டவில்லை. "பூச்சி விழுந்திருக்கு, அந்த இலையைக் கிள்ளிப் போடு" என்றார்.

பிறகுதான் படித்தேன். ஒரு சின்ன ஈ இலையில் முட்டை வைக்கிறது. பொரிந்த புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பச்சையத்தைத் தின்றுகொண்டே குடைந்து போகிறது. அது போன வழிதான் அந்த வெள்ளைக் கோடு. ஆரம்பத்தில் நூல் மாதிரி இருக்கும் கோடு போகப் போகத் தடிமனாகும், ஏனென்றால் தின்னத் தின்னப் புழுவும் பெரிதாகிறது. கோடு முடியும் இடத்தில் அது கூட்டுப்புழுவாவதற்காக வெளியேறிவிட்டது. நான் ஆறு என்று நினைத்தது ஒரு புழுவின் பிள்ளைப் பிராயம் முழுவதும்! இது தெரிந்த பிறகு படம் அழகு குறைந்துவிட்டதா? எனக்கு இரண்டு மடங்கு ஆனது. முன்பு ஒரு பார்வையில் முடிந்த படத்தை இப்போது மெல்லிய முனையிலிருந்து தடித்த முனைவரை விரல் வைத்துத் தொடர்கிறேன்.

இதை என் நண்பனிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். "பேர் வெச்சா படம் செத்துடும். இது கிரேன், இது கதவுன்னு சொல்லிட்டா அப்புறம் யாரு கலரைப் பாப்பா?" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொருளின் பெயர் தெரிந்ததும் நம் மூளை 'சரி, கதவு' என்று டிக் அடித்துவிட்டுப் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறது. பெயரை மறைத்தால்தான் கண் வேலை செய்யும் என்பது அவன் வாதம்.

ஆனால் இந்தக் கலையில் பெரிய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். உரிந்த பெயின்ட், கிழிந்த போஸ்டர், கறை பிடித்த சுவர் என்று தேடித் தேடி எடுத்தவர் அமெரிக்காவின் ஆரன் சிஸ்கிண்ட் (1903–1991). அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்று, உரிந்து தொங்கும் பெயின்ட். தலைப்பு என்ன தெரியுமா? 'ஜெரோம், அரிசோனா, 1949'. ஊர், வருஷம், முடிந்தது. ஜெரோம் ஒரு தாமிரச் சுரங்க ஊர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் இருந்து, சுரங்கம் நொடித்து, மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய ஊர். அந்த ஒரு வரித் தலைப்பு படத்தைக் கொல்லவில்லை, விரும்பினால் போய்த் தேடிக்கொள் என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறது.

தோட்டப் பக்கம் வந்தால் ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். பெர்லினில் ஓவிய மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகச் செடிகளைப் பல மடங்கு பெரிதாக்கிப் படம் எடுத்தவர். 1928ல் புத்தகமாக வந்தது. சுருண்ட பெரணித் தளிர் ஒரு செங்கோல் போலவும், ஒரு தண்டு இரும்புத் தூண் போலவும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் செடியின் பெயரும், எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்ற எண்ணும் உண்டு. யாரும் அதனால் வியக்காமல் போகவில்லை.

எதிர் உதாரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பன் சொல்லுவான். நம் நாட்டின் நஸ்ரின் முகமதி (1937–1990). பரோடாவில் ஓவியம் கற்பித்தவர். அக்பர் 1571 வாக்கில் கட்டத் தொடங்கி, பதினைந்து வருஷம்கூட முழுதாக இருக்காமல் விட்டுப் போன ஃபத்தேபூர் சிக்ரிக்குப் போய், அந்தக் காலி முற்றங்களை வெறும் கோடும் நிழலுமாக எடுத்தார். பெயர் வைக்கவில்லை. உண்மைதான். ஆனால் அவர் அந்தப் புகைப்படங்களைத் தன் ஆயுளில் கண்காட்சிக்கு வைக்கவும் இல்லை. தன் ஓவியத்துக்காகத் தானே பார்த்துக்கொண்ட படங்கள். அவருடைய நோட்டுப் புத்தகம் மாதிரி. நாம் அப்படியா? எடுத்த அரை மணியில் ஊருக்கே காட்டுகிறோம். ஊருக்குக் காட்டும்போது ஊருக்குப் பதில் சொல்லும் கடமையும் வந்துவிடுகிறது.

ஏனென்றால் கைவிடப்பட்ட இடம் தானாகக் கைவிடப்படுவதில்லை. பெரம்பூரில் பின்னி மில் 1996ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்தச் சுவர்களை எத்தனையோ சினிமாக்களில் சண்டைக் காட்சியின் பின்னணியாகப் பார்த்திருப்போம். அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. 1964 டிசம்பர் புயல் அடித்துப் போன தனுஷ்கோடியில் இன்று கல்யாண ஆல்பம் எடுக்கிறார்கள். எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கல் யாருடைய சுவர் என்று ஒரு வரி தெரிந்துகொண்டு எடுக்கலாமே என்கிறேன்.

எங்கள் மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. 1613ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மூடிய மேடு. பக்கத்தில் அவர்களுடைய கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலிலேயே எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்து. அதையும் நான் நெருங்கிப் போய் எடுத்திருக்கிறேன், பள்ளமும் மேடும் நிழலுமாக அருமையாக வந்தது. அதுதான் 'பெயரிடப்படாதது 2'. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. கல்லில் ஒருவருடைய பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் படம் பிடித்து நான் 'பெயரிடப்படாதது' என்று எழுதியிருக்கிறேன்!

சரி, அறிவுரை போதும். எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்கள்:

1. போன் கேமராவே போதும். காலை எட்டுக்கு முன்னால் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு போங்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் கீறலும் நரம்பும் எழும்பித் தெரியும். ஃப்ளாஷ் வேண்டாம்.

2. ஜூம் பண்ணாதீர்கள், நடந்து நெருங்குங்கள். பொருளின் ஓரம் படத்தில் தெரிந்தால் அது கதவு. ஓரம் தெரியாவிட்டால் நிறம்.

3. பூட்டிய இடத்துக்குள் சொல்லாமல் நுழையாதீர்கள். பழைய ஆலைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து கிடக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தனியாகப் போகவே போகாதீர்கள்.

4. நெருக்கப் படம் ஒன்று எடுத்தால், பத்தடி பின்னால் வந்து முழு இடத்தையும் ஒன்று எடுத்து வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களுக்கு இருக்கட்டும்.

5. அந்த இடம் தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். வாட்ச்மேன், பூக்காரம்மா, உங்கள் அப்பா, யாராக இருந்தாலும் சரி. இதைச் செய்த பிறகு தலைப்பு வையுங்கள்.

ஐந்தாவதை நான் செய்யவில்லை. அதனால்தான் செமினார் ஹாலில் நாற்பது பேருக்கு மேல் நின்று பார்த்த படத்தில், நின்றவர்களுக்கும் எடுத்த எனக்கும் தெரியாத ஒன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு நொடியில் தெரிந்தது. பணிக்கரின் எழுத்தை யாராலும் படிக்க முடியாது, அவர் அப்படித்தான் வரைந்தார். என் படத்தில் இருந்தது படிக்கக்கூடிய எழுத்து. படிக்கத் தெரிந்தவரிடம் நான் கொடுக்கவில்லை.

இப்போது மூன்றுக்கும் தலைப்பு மாற்றிவிட்டேன். தக்காளி இலை, புழு போன வழி, பங்குனி. கல்லறைப் பலகை, பழவேற்காடு. ரோல் மாற்றிய கணக்கு, கும்மிடிப்பூண்டி.

மூன்றாவது படத்துக்கு அப்பா ஒரு பிரின்ட் கேட்டார். தனக்கு வேண்டாமாம். அவரோடு அதே ஷிப்டில் இருந்தவர் இப்போது கவரைப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அவருக்குக் கொடுக்கணுமாம். கடைசி மூன்று கோட்டைக் கிழித்தது அவர்தானாம்.